பரணில் கிடக்கும் கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றுவது எப்படி?

அநேகமாக எல்லா வீட்டுப் பரணிலும் ஒரு பை இருக்கும். உள்ளே நாலைந்து வீடியோ கேசட். ஒன்றில் அக்கா கல்யாணம், ஒன்றில் தம்பி காதுகுத்து, இன்னொன்றில் மேலே எழுதியிருந்த மையே மங்கிவிட்டது. இவற்றை டிவிடியாக்க கணினி பற்றிப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேசட்டும் டெக்கும் ஒத்துழைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

தேவையானவை

ஓடுகிற நிலையில் ஒரு டெக் (விசிஆர்), டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுபோகும் யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி வயர், நூறு ஜிபியாவது காலியாக உள்ள கணினி, டிவிடி ரைட்டர், எழுதாத டிவிடி-ஆர் டிஸ்க்குகள். இப்போதைய லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் இருப்பதில்லை, யுஎஸ்பியில் செருகும் ரைட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

இதில் சிக்கலே டெக்தான். கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஆகவே பழசுதான் கிடைக்கும். வாங்குமுன் ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சுற்றாமல் உறுமினால் உள்ளே ரப்பர் பெல்ட் போயிருக்கலாம். பழைய டிவி மெக்கானிக் யாராவது மாற்றித் தருவார்.

கேசட்டைப் பாருங்கள், உடனே போடாதீர்கள்

கேசட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முன்பக்க மூடி திறக்கும். உள்ளே நாடா பளபளவென்று கருப்பாக இருக்க வேண்டும். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தையும் பாருங்கள். வெள்ளையாகப் பொடியோ, நூல் நூலாகவோ தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது சகஜம். அந்தக் கேசட்டை டெக்கில் போடவே போடாதீர்கள். பூஞ்சை டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்விடும். சுத்தம் செய்து தருகிறவர்களிடம் கொடுப்பதே நல்லது.

அப்புறம் பின்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்து எடுத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது.

பல வருஷம் ஓடாத நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரு முறை கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, பிறகு பிளே செய்யுங்கள். டெக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, போனாலும் கவலையில்லாத ஏதாவது ஒரு படக் கேசட்டை முதலில் போடுங்கள்.

இணைப்பு

டெக்கின் பின்னால் 'அவுட்' என்று எழுதியிருக்கும் துளைகளில் வயரைச் செருகி, மறுமுனையைக் கேப்சர் கருவியில் இணையுங்கள். கருவியைக் கணினியின் யுஎஸ்பியில் செருகுங்கள். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. பழைய மோனோ டெக்கில் ஒலிக்கு ஒரே துளைதான் இருக்கும், வெள்ளையை அதில் செருகினால் போதும்.

பதிவு செய்வது

ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் செட்டிங்ஸ்: வீடியோ பகுதியில் பேஸ், அவுட்புட் என்ற இரண்டு அளவுகளையும் 768×576 என்றும் எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம்) 50 என்றும் வையுங்கள். செட்டிங்ஸிலேயே அவுட்புட் பகுதியில் வீடியோ பிட்ரேட் 8000 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு தகவல் பதிகிறது என்ற அளவு), ரெக்கார்டிங் குவாலிட்டி 'சேம் அஸ் ஸ்ட்ரீம்', ஃபார்மட் எம்கேவி. நடுவில் கரண்ட் போனாலும் எம்கேவியில் அதுவரை பதிந்தது பிழைக்கும். இந்தக் கணக்கில் மணிக்கு 3.6 ஜிபி ஆகும், மூன்று மணி நேரக் கேசட்டுக்குப் பதினோரு ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சோர்ஸஸ் பகுதியில் 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேர்த்து, அளவு 720×576, முறை பால் (PAL, நம் பக்கத்து டிவி முறை) என்று கொடுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் எடுத்த கேசட்டுகள் பால் முறைதான். அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பியது என்டிஎஸ்சியாக (NTSC, அந்த ஊர் டிவி முறை) இருக்கும், அதற்கு எல்லா அளவும் மாறும். பிறகு அந்த சோர்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து, டிரான்ஸ்ஃபார்மில் 'ஸ்ட்ரெச் டு ஸ்கிரீன்', டீஇன்டர்லேஸிங்கில் 'யாடிஃப் 2எக்ஸ்'. இதைச் செய்யாவிட்டால் ஆட்கள் நடக்கும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். செய்தபிறகு அசைவு முன்னும் பின்னும் உதறினால், அதே இடத்தில் டாப் ஃபீல்டை பாட்டம் ஃபீல்டாக மாற்றினால் சரியாகும்.

ஒலியைக் கட்டாயம் சோதியுங்கள். நான் முதல் கேசட்டில் இதைக் கவனிக்கவில்லை. மூன்று மணி நேரம் பதிவாகி முடிந்தபின் போட்டுப் பார்த்தால், முகூர்த்த நேரத்தில் நாதஸ்வரத்துக்குப் பதில் எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம், தாலி கட்டும்போது சரியாகக் குக்கர் விசில். லேப்டாப் மைக் ஆனிலேயே இருந்திருக்கிறது! ஆடியோ மிக்ஸரில் மைக்கை மியூட் செய்துவிட்டு, கேப்சர் கருவியின் ஒலிப்பட்டை துள்ளுகிறதா என்று பாருங்கள். ஒலி ஒரு காதில் மட்டும் கேட்டால், அட்வான்ஸ்டு ஆடியோவில் 'மோனோ' என்பதை டிக் செய்யுங்கள்.

பிளேயை அழுத்தி, படம் கோடு கோடாக வந்தால் டெக்கில் டிராக்கிங்கை (ஹெட் நாடாவில் சரியான இடத்தைப் படிக்கச் சரிசெய்யும் குமிழ்) மெதுவாகத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு திரும்பச் சுற்றி, முதலில் ரெக்கார்டிங், அப்புறம் பிளே. படத்தின் அடி ஓரத்தில் மெல்லியதாக ஒரு பட்டை நெளிந்துகொண்டிருக்கும். டிவியில் அது திரை ஓரத்துக்குள் மறைந்திருந்தது, அவ்வளவுதான், பழுதில்லை.

முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். படமும் ஒலியும் விலகியிருந்தால் கடைசியில்தான் தெரியும். மேளம் வாசிக்கிற இடம் இருந்தால் தவில்காரர் கையைக் கவனியுங்கள், குச்சி படுவதும் சத்தமும் ஒன்றாக வர வேண்டும். மணப்பெண் முகம் தாமரைக்குள் சுழன்று வருகிற அந்தக் காலத்து எஃபெக்ட்களை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள், அதற்குத்தான் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

டிஸ்க்கில் எழுதுவது

டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து 4.7 ஜிபி, பால், 4:3 தேர்ந்தெடுங்கள். பதிவான கோப்பை இழுத்துப் போட்டு, மெனுவுக்கு ஒரு படம் வைத்து 'பர்ன்' கொடுங்கள். ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். மூன்று மணி நேரத்தை இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே மேல். வேகத்தைக் குறைத்து 4எக்ஸில் எழுதுங்கள்.

எழுதியதைக் கணினியில் மட்டும் பார்க்காமல், பாட்டி பார்க்கப்போகும் டிவிடி பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள். டிஸ்க் கீறல் விழும், நாளடைவில் கெடவும் செய்யும். அதனால் அந்த எம்கேவி கோப்பை அழிக்காமல் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம். முழுவதும் திரும்பச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, பரணில் இல்லாமல் காய்ந்த அலமாரியில் வையுங்கள்.