மொட்டை மாடி கறிவேப்பிலையில பட்டாம்பூச்சி வரவைக்கிறது எப்படி?

எங்க வீடு கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், நாள் முழுக்க புகைதான், ஆனாலும் மாடில இருக்கிற கறிவேப்பிலைத் தொட்டியத் தேடி பட்டாம்பூச்சி வந்து முட்டை வச்சிட்டுப் போகுது. நிறைய பேர் பூச்செடியா வாங்கி அடுக்குறாங்க, பூ தேனுக்குத்தான், புழு திங்க இலை இருந்தாதான் அது டவுன்ல பொழைக்கும்.

ஸ்டெப் 1: செடி
நர்சரி கன்னுல பூச்சிமருந்து அடிச்சிருக்கலாம், அதனால பக்கத்து வீட்டு கறிவேப்பிலை மரத்தடியில முளைக்கிற பக்கக்கன்னு ஒண்ணு கேட்டு வாங்கி நல்லா வெயில் படுற இடத்துல வைங்க. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகிங்கிற பட்டாம்பூச்சி ரெண்டுமே இதுல முட்டை வைக்கும். வாய்க்கால் ஓரம் எருக்கு இருந்தா தயவுசெஞ்சு வெட்டாதீங்க, வெந்தய வரியன்ங்கிற பட்டாம்பூச்சியோட புழுவுக்கு அதுதான் சாப்பாடு, எருக்குல இருக்கிற விஷத்த உடம்புல சேத்து வச்சிக்கிறதால பறவைங்க பெரும்பாலும் அத ஒதுக்கிடும். (எருக்கம்பால் கண்ணுல படாம பாத்துக்கோங்க.)

ஸ்டெப் 2: தளிரப் பாருங்க
கடுகை விடச் சின்னதா வெளிர் மஞ்சள்ல முட்டை ஒட்டியிருக்கும். மூணு நாலு நாள்ல புழு வரும், மொதல்ல பாக்க பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெருசானா இலைப்பச்சை. சீண்டினா தலைக்குப் பின்னாடி கொம்பு மாதிரி ஒண்ண நீட்டி வாடை விடும், கடிக்காது, பயப்படாதீங்க.

ஸ்டெப் 3: மருந்தே வேணாம்
வேப்பெண்ணெய் இயற்கைதானேன்னு நான் மொத வருஷம் அடிச்சேன், ஒரு புழு மிஞ்சல, இன்னிக்கும் மனசு உறுத்துது. புழு தோல் உரிச்சு வளர்றதையே அது தடுத்துடும். தெருவுல கொசுப்புகை அடிக்க வந்தா தொட்டிய உள்ள தூக்கி வச்சிடுங்க. நாலு இலை போனா போகுது, திரும்பத் துளிர்க்கும்.

ஸ்டெப் 4: கூட்டுப்புழு
எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பச்சைக் குச்சில கட்டுன கூடு பெரும்பாலும் பச்சையா இருக்கும், அதே புழு காஞ்ச குச்சியிலயோ செவுத்துலயோ கட்டுனா பழுப்பாயிடும், சிமெண்ட்டு ஊர்லயும் ஒளிஞ்சிக்க இது போதும். அதனால மாடிச் செவுத்தக் கூட்டுறப்ப பாத்துக் கூட்டுங்க. பத்து நாள் வாக்குல கூடு கருத்து உள்ள றெக்கை தெரியும், மறுநாள் காலைல காபியோட போய் உக்காருங்க, வெளிய வந்து றெக்கை காயுற வரைக்கும் தொடாதீங்க.