சதுப்பில் மண் விழுந்தால் முதலில் சர்வே எண்ணைத் தேடுங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அடியில் ஒரு சதுப்பு இருக்கிறது. ஒன்றரை ஏக்கர்கூட வராது. பார்த்தால் வெறும் கோரைப்புல். ஆனால் ஜனவரிப் பனியில் கருகிய தேயிலை துளிர்க்காமல் நிற்கிற மார்ச் மாதத்திலும் அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். கீழ் ஊர்க் குழாய்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. விடியற்காலையில் போனால் சேற்றில் காட்டெருமையின் குளம்பு உள்ளங்கை அகலத்துக்குப் பதிந்திருக்கும், அதற்குள்ளும் தண்ணீர் ஊறி நிற்கும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி அதில் இரண்டு டிப்பர் மண் கொட்டிவிட்டுப் போனார்கள். காலையில் ஓடிப்போய் அலுவலகத்தில் சத்தம் போட்டேன். "ஏம்மா, அது யார் இடம்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்று திரும்பி வந்த வழியெல்லாம் அந்தக் கேள்விதான். உங்கள் ஊரில் சோலையோ சதுப்போ ஓடையோ அழியத் தொடங்கினால், நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த இடத்தின் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில், நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டை நீங்களே பார்க்கலாம். பட்டாவா, புறம்போக்கா, ஓடையா, காடா என்று அதில் இருக்கும். எங்கள் சதுப்பில் மேல் பாதி பட்டா, கீழ் பாதி அரசுப் புறம்போக்கு. மண் விழுந்தது கீழ் பாதியில். இது தெரிந்தவுடன் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. புறம்போக்கு என்றால் தாசில்தார். காப்புக்காடு என்றால் வனத்துறை ரேஞ்சரும், மாவட்ட வன அலுவலரான டி.எஃப்.ஓ.வும்.

பட்டா நிலம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நீலகிரியில் சொந்த நிலமானாலும் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தனியார் காடுகளுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "அனுமதி வாங்கினார்களா?" என்ற ஒரு கேள்வியே பல வேலைகளை நிறுத்தியிருக்கிறது.

அடுத்து படம். தேதியும் இருப்பிடமும் விழுகிற மாதிரி ஃபோனில் எடுங்கள். மண்ணை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர் மண் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் ஒரு மின்கம்பமோ கோயிலோ வளைவோ தெரிய வேண்டும். நான் தோட்டத்து மூலையில் இருக்கிற ஒரு பாறைமேல் நின்றுதான் எப்போதும் எடுப்பேன். ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே வேண்டாம்.

இனி மனு. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். என் முதல் மனுவில் சதுப்பு, குப்பை, கரடி, தெருவிளக்கு எல்லாம் இருந்தது. 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது, அத்தோடு சரி. இரண்டாவது மனுவை இப்படி எழுதினேன்: 'இந்த சர்வே எண்ணில், இந்தத் தேதி இரவு, அரசு நிலத்தில் மண் கொட்டப்பட்டுள்ளது. அளந்து, மண்ணை அகற்றி, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.' நான்கே வரி. யார் கொட்டியது என்று பெயர் போடவில்லை. கண்ணால் பார்க்காததை எழுதினால் மனு வேறு எங்கோ போய்விடும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போக முடியாதவர்கள் 1100-க்கு அழைத்துப் பதியலாம். ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள், அப்புறம் எல்லாமே அதிலிருந்துதான்.

ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'என் மனுமீதான கோப்பின் நகலைத் தருக' என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம். அப்படிப் பார்த்தபோதுதான், சர்வேயர் வந்து அளந்த குறிப்பு கோப்பிலேயே இருப்பதைக் கண்டேன். அந்த ஒரு தாள் கைக்கு வந்த மூன்றாவது வாரம் மண்ணை அள்ளினார்கள்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர் விஷயமென்றால் மார்ச் 22-ஐ விடாதீர்கள், அன்று உலக நீர் நாள். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இதெல்லாம் தனியாளால் ஆகாது. பக்கத்துத் தோட்டத்து அக்கா முதலில், "பகை வேண்டாம் கண்ணு" என்றார். அவருடைய குழாய்க்கும் அந்தச் சதுப்புதான் என்று கூட்டிப்போய்க் காட்டினேன். அடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. சதுப்பில் கேரட் போட்டுப் பிழைக்கிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், அவர்களிடம் முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்.

எங்களுக்கு லாங்வுட் சோலை கண்ணெதிரே இருக்கிறது. விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமாகத் தேய்ந்த காடு. ஊர்க்காரர்கள் குழு சேர்ந்து, வனத்துறையோடு நின்று வருடக்கணக்கில் காத்தார்கள். 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில் அது ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கடைசி வழி. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, வக்கீல் இல்லாமலும் போகலாம். ஆனால் பிரச்சினை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால்தான் முதல் படத்தின் தேதி முக்கியம்.

எங்கள் சதுப்பில் மண் கிடந்த இடத்தில் இரண்டு வருடம் புல் வரவில்லை. இந்த வருடம் ஓரத்திலிருந்து கோரை ஏறத் தொடங்கியிருக்கிறது. மழை முடிந்ததும் ஒரு படம், மார்ச்சில் ஒரு படம் என்று அதே பாறைமேல் நின்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.