ஃபோபோஸ் படத்துல தெரியிற நீலத்தை நம்பாதீங்க

செவ்வாயோட குட்டி நிலா ஃபோபோஸ், நீளமே 27 கிலோமீட்டர்தான். 2008 மார்ச்ல நாசாவோட ஹைரைஸ் கேமரா எடுத்த கலர் படத்துல 9 கிலோமீட்டர் அகலமான ஸ்டிக்னி பள்ளத்து விளிம்புல பளிச்சுன்னு நீலம் தெரியும், பாத்த உடனே அங்க ஐஸ் இருக்குன்னு சிலபேர் சொல்லிடுறாங்க. அப்படி இல்லைங்க. அந்தப் படமே அகச்சிவப்பையும் சேத்து நிறத்தைத் தூக்கிக் காட்டினது, நிஜத்துல ஃபோபோஸ் முழுக்க அடுப்புக்கரி மாதிரி, விழுற வெளிச்சத்துல சுமார் 7 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். எல்லா இடமும் சிவப்பு சாஞ்சதுதான், ஸ்டிக்னி பக்கம் அந்தச் சிவப்பு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான் நீலம்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குற தப்பு, ஃபேஸ் ஆங்கிளைப் பாக்காம ரெண்டு படத்தை ஒப்பிடுறது. சூரியன், நிலா, கேமரா மூணுக்கும் நடுவுல வர்ற கோணம் அது. நம்ம நிலாவையே எடுத்துக்கோங்க, அரை நிலாவுல பாதி முகம் தெரியுது ஆனா வெளிச்சம் பௌர்ணமில பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும், ஏன்னா பௌர்ணமில சூரியன் நம்ம முதுகுப்பக்கம் இருக்கறதால மேடு பள்ளம், தூசி எல்லாத்தோட நிழலும் அதுஅதுக்குப் பின்னாடியே மறைஞ்சிடுது. ஃபோபோஸ்லயும் இதே கதைதான். கோணம் மாறினா நிறம்கூட லேசா மாறும், அதனால ஒரு படத்துல வெளுப்பா இருக்குற இடம் வேற மண்ணுன்னு எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு படத்தோட கோணத்தையும் பாருங்க.

அகச்சிவப்புல அலைநீளம் 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல போனா இன்னொரு சிக்கல், வெயில்ல சூடான தரை தானா விடுற வெப்பமும் பிரதிபலிச்ச வெளிச்சத்தோட கலந்துடும். அதைக் கழிக்கலன்னா ஸ்பெக்ட்ரத்துல, அதாவது எந்த அலைநீளத்துல எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு காட்டுற கோட்டுல, 2.8 மைக்ரான் பக்கம் இருக்குற சின்ன இறக்கம் ஆழம் கம்மியா தெரியும்.

ஃபோபோஸோட ஸ்பெக்ட்ரம் டி வகைன்னு சொல்ற கருப்பான, சிவப்பு சாஞ்ச சிறுகோள் மாதிரி இருக்கு, அதனால இது செவ்வாயோட ஈர்ப்புல பிடிபட்ட சிறுகோள்தான்னு முடிக்கிறதும் அவசரம். கருப்பா, சிவப்பு சாஞ்சு, பெரிய அடையாளம் எதுவும் இல்லாம இருக்குறதுக்குப் பல பொருள் காரணமா இருக்கலாம். 2023ல அமீரகத்தோட ஹோப் விண்கலம் பக்கத்துல போய் பாத்தப்ப, இன்னொரு நிலாவான டெய்மோஸ் செவ்வாயோட பசால்ட் பாறை (எரிமலைக்குழம்பு உறைஞ்ச கல்லு) மாதிரிதான் தெரிஞ்சுது. ஜப்பானோட எம்எம்எக்ஸ் திட்டம் ஃபோபோஸ் மண்ணையே பூமிக்கு எடுத்துட்டு வரப் பாக்குறது இதுக்காகத்தான்.

அப்புறம், தரைக்கு மேல 6000 கிலோமீட்டர்லயே சுத்துறதால செவ்வாய்ல பட்டுத் தெறிக்கிற செந்நிற வெளிச்சமும் ஃபோபோஸ் மேல விழும், இருட்டான பக்கத்தோட ஸ்பெக்ட்ரத்தை சூரிய வெளிச்சத்தால மட்டும் வகுத்துடாதீங்க.