பழைய டிஸ்க் வாங்கும் முன் அட்டையைப் பாருங்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் பழைய கேம் டிஸ்க் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'காட் ஆஃப் வார்' என்று பெயர் கண்டதுமே காசை நீட்டிவிடாதீர்கள். என் அக்கா மகன் அப்படித்தான் 'கலெக்ஷன்' ஒன்றை ஆசையாக வாங்கிவந்து பிளேஸ்டேஷன் 4-இல் போட்டான். அது அசையவே இல்லை.

2005, 2007-இல் வந்த முதல் இரண்டு பாகங்களையும் 720பி தெளிவுக்கு மெருகேற்றி 2009-இல் வந்த தொகுப்பு அது. அந்த டிஸ்க் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும். பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு வந்த ஆட்டங்கள் இரண்டைச் சேர்த்து 2011-இல் வந்த 'ஒரிஜின்ஸ்' தொகுப்பும் அப்படியே. பிளேஸ்டேஷன் 3-இன் டிஸ்க் 4-இலும் ஓடாது, 5-இலும் ஓடாது.

பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தால் 2015-இல் வந்த 'காட் ஆஃப் வார் 3 ரீமாஸ்டர்ட்' வாங்குங்கள். 1080பி படம், டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-இலும் ஓடும். ஒன்று மட்டும்: இரண்டாம் பாகம் அந்தரத்தில் முடியும், மூன்றாவது அதே நொடியில், டைட்டன்கள் என்ற கிரேக்கப் புராணப் பூதங்கள் சாமிகள் வாழும் ஒலிம்பஸ் மலையேறும் இடத்தில் தொடங்கும். முன்கதையை யூடியூபில் பார்த்துவிட்டு உட்காருங்கள். (கதாநாயகன் கிரேட்டோஸ் சாமிகளையே வெட்டிச் சாய்ப்பதை வீட்டுப் பாட்டி பார்க்காமல் இருப்பது உத்தமம்.) அவ்வளவு பொறுமை இல்லையா? 2018 ஆட்டம் வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தில் புதிதாகத் தொடங்குகிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நம் ஊர் மின்வெட்டுக்கு இன்னொன்று: மூன்றாம் பாகத்தில் ஒளித்தூண் கண்ணில் பட்டதும் சேவ் செய்துவிடுங்கள். மின்வெட்டு அட்டவணை இருந்தால், பெரிய சண்டையை அதைப் பார்த்துத் தொடங்குங்கள்.