புது நகரத்தில் ஷாப்பிங்: எங்கே போவது, எப்படி வாங்குவது?

முதல் முறையாக ஒரு பெருநகரத்துக்குப் போகிறவர்கள் பலரும் சுற்றுலாத் தலத்தின் வாசலிலும் விமான நிலையத்திலும்தான் பொருள் வாங்குகிறார்கள். இரண்டுமே கடை வாடகை அதிகமான இடங்கள். அந்த வாடகையும் சேர்ந்துதான் பொருளின் விலையாகிறது. கொஞ்சம் திட்டமிட்டால் இதைவிட நல்ல இடங்கள் எளிதில் கிடைக்கும்.

படி 1: ஊரிலேயே பட்டியல் போடுங்கள்

யாருக்கு என்ன வாங்குவது என்று எழுதிக்கொள்ளுங்கள். துணி, செருப்பு என்றால் அளவைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 8 என்று போட்டிருக்கும் ஆண்கள் ஷூ ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 42.

படி 2: பொருளுக்கு உரிய தெருவைக் கண்டுபிடியுங்கள்

நான் அதிக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். பழைய பெருநகரங்கள் பலவற்றில் ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே தெருவில் கடை போட்டிருப்பார்கள். துணிக்கு ஒரு தெரு, பாத்திரத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. பத்துக் கடை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அரை மணி நேரத்தில் சரியான விலை எது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

அந்தத் தெரு எது என்று தங்கும் விடுதியில் கேளுங்கள். ஆனால், "ஷாப்பிங் எங்கே போகலாம்?" என்று கேட்டால் பயணிகள் போகும் இடத்தைத்தான் சொல்வார்கள். "உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கே துணி எடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதிலே வேறாக இருக்கும்.

போனதும் முதல் மூன்று கடைகளில் விலை மட்டும் விசாரியுங்கள். என் முதல் பயணத்தில் முனைக்கடையிலேயே ஒரு தோல் பையை வாங்கிவிட்டேன். அதே பை உள்சந்தில் பாதி விலைக்குத் தொங்கியதைப் பார்த்தபோது மனசு ஆறவே இல்லை. மொத்த வியாபாரக் கடை என்றால் சில்லறையாகத் தருவார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 3: மற்ற இடங்களை அளவோடு பயன்படுத்துங்கள்

மாலில் விலை நிலையானது, பில் கிடைக்கும், உடையைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் உங்கள் ஊரில் இருக்கும் அதே பிராண்டுகள்தான். வெளியே மழை கொட்டினால் போங்கள், போதும். வாரச் சந்தை என்றால் எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள். நினைவுப் பொருளுக்கு அருங்காட்சியகக் கடை நல்லது. அப்புறம், சாதாரண சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் தினமும் பயன்படுத்தும் சோப்பு, பென்சில், நோட்டு எல்லாம் அருமையான பரிசுகள்.

படி 4: பணம் கட்டும்போது கவனியுங்கள்

வெளிநாட்டில் கார்டு தேய்த்தால், "உங்கள் நாட்டு நாணயமா, இந்த ஊர் நாணயமா?" என்று மெஷின் கேட்கலாம். இந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாணயத்தில் காட்டுவது வசதியாகத் தெரியும், ஆனால் அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை சேர்ந்திருக்கும். மின்சாதனம் வாங்கினால் அதன்மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

படி 5: ஊருக்குக் கொண்டுவரும் முன்

யானைத் தந்தம், கடலாமை ஓடு ஆகியவற்றில் செய்த எதையும் தொடாதீர்கள். அழியும் அபாயத்தில் உள்ள விலங்கு, தாவரங்களைக் காக்க 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டீஸ் (CITES) என்ற பன்னாட்டு ஒப்பந்தம் இவற்றின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுங்கத்தில் பறிமுதல் ஆகும், வழக்கும் வரலாம். பழங்காலச் சிலை, ஓவியம் போன்றவற்றுக்குப் பல நாடுகளில் ஏற்றுமதி அனுமதி வேண்டும்.

சில நாடுகள் பயணிகளுக்கு விற்பனை வரியைத் திருப்பித் தருகின்றன. அப்படியானால் கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். அதனால் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.