மடியில் வைத்துத் தூக்கிப்போகும் வேர்க்ஸ்டேஷன்: ஹட்டனிலிருந்து சில யோசனைகள்

ஹட்டன் டவுனில் ஒரு கடை மாடியில் பத்துக்குப் பத்து அறை எனக்கு. தோட்டத்து வீடுகள், டவுன் கடைகள், சரிவில் கட்டும் தாங்குசுவர்கள், இவற்றுக்கு பிளான் போடுவதுதான் பிழைப்பு. மாதத்தில் இரண்டு தடவையாவது கொழும்புக்குப் போய் எஞ்சினியர் பக்கத்தில் உட்கார்ந்து மாடலைத் திருத்த வேண்டும். லேப்டாப் வாங்கிப் பார்த்தேன். மாடலை நிஜப் படம் மாதிரி ஆக்கும் ரெண்டர் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறி நொண்ட ஆரம்பித்துவிடும். அப்படித்தான் சின்னப் பெட்டி வேர்க்ஸ்டேஷனுக்கு, அதாவது கனமான வேலைக்கான குட்டிக் கம்ப்யூட்டருக்கு, வந்து சேர்ந்தேன்.

வாங்கும் முன், உங்கள் வேலை எதைத் தின்கிறது என்று பாருங்கள். இப்போதுள்ள மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியூ வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, கோர்கள், அதாவது சிபியூவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், தனித்தனிக் கட்டமாகத் தெரியும்படி மாற்றுங்கள். பிறகு ரெவிட் என்ற கட்டட மாடல் மென்பொருளில் ஒரு பெரிய மாடலைத் திறந்து ஒரு சுவரை நகர்த்துங்கள். அநேகமாக ஒன்றிரண்டு கட்டம்தான் உச்சிக்கு ஏறும், மற்றவை தூங்கும். பிளான் வரையும் ஆட்டோகேடும் அதே ஜாதிதான். அதனால் கடைக்காரர் கோர் எண்ணிக்கையைச் சொல்லும்போது மயங்காமல், ஒரு கோரின் வேகத்தைக் கேளுங்கள். சிபியூவில் ஓடும் ரெண்டரிங்தான் எல்லாக் கோரையும் வேலை வாங்கும். அது நாள் முழுக்க இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

ரேமில் ஏமாந்தவன் நான். சின்னப் பெட்டிக்குள் போகும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். ரேமுக்கு இரண்டே இடம். 'அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்' என்று 8 ஜிபி இரண்டு போட்டேன். கூட்டப் போனபோது இரண்டையும் கழற்றி பாதி விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. முதலிலேயே 16 இரண்டு. டிரோனில் எடுத்த பாயின்ட் கிளவுட், அதாவது நிலத்தின் வடிவைக் காட்டும் எண்ணற்ற புள்ளிகள், வைத்து வேலை செய்பவர் என்றால் 32 இரண்டு.

கிராபிக்ஸ் கார்டில் பந்தா வேண்டாம். ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்ற குட்டைக் கார்டு 70 வாட்தான் இழுக்கும், தனி பவர் கேபிள் கேட்காது, என் வேலைக்குத் தாராளம். எதை வாங்கினாலும் கார்டின் நீளம், தடிப்பு, கூலரின் உயரம் மூன்றையும் பெட்டியின் அளவோடு ஒப்பிட்டுவிட்டே காசைக் கொடுங்கள். பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில் கேளுங்கள்.

நம் ஊர் குளிர் மெஷினுக்கு நல்லதுதான். ஆனால் நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. அந்தளவுக்குக் காற்றாடி அள்ளும் சூடும் குறையும். குளிர் அதைச் சரிக்கட்டிவிடும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதவரை.

இனி கரண்ட். இங்கே ஏமாந்தால் மற்றதெல்லாம் வீண். நல்ல பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று இருக்கும். மலிவு யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் படிக்கட்டு அலை சிலவற்றுக்கு ஒத்துவராது. யூபிஎஸ் இருந்தும் மெஷின் பொட்டென்று அணையும். லைன் கரண்ட் மாதிரி வழவழப்பான அலை தரும் ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். யூபிஎஸ்ஸில் போட்டிருக்கும் விஏ எண்ணைவிட, அது உண்மையில் தாங்கும் வாட் எண்ணைப் பாருங்கள். பழைய கட்டடம் என்றால் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். என் அறையில் பெட்டியைத் தொட்டால் கை சுரீர் என்றது. பிளக் பாயிண்டில் எர்த் கம்பியே இல்லை.

ஐப்பசி இடியை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பின்னேரம் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நெட்வொர்க் போர்ட் செத்துக்கிடந்தது. பிளக்கில் நின்ற ரவுட்டர் வழியாக, கேபிளில் வந்திருக்கிறது அடி. இப்போது வானம் இருட்டினாலே பிளக், நெட்வொர்க் கேபிள் இரண்டையும் உருவிவிடுகிறேன்.

ஈரத்தில் ஒரு விஷயத்தைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். கொழும்பிலிருந்து மேலே வரும்போது பயமில்லை, கீழே இறங்கும்போதுதான் பயம். இரவெல்லாம் குளிரில் கிடந்த பெட்டி கொழும்புப் புழுக்கத்தில் நுழைந்ததும், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி உள்ளே வேர்க்கும். உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரமாவது விட்டுவைத்து, அப்புறம் ஆன் செய்யுங்கள்.

இவ்வளவு அலைய முடியாதவர்களுக்கு எச்பி இசட்2 மினி, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி3 அல்ட்ரா மாதிரி ஆயத்தமாகவே கிடைக்கிறது. விலை கடிக்கும்.

பயணத்துக்கு முன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டாடிக் பையில் போடுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஆடும் ஆட்டத்தில் ஸ்லாட்டே விட்டுப்போகலாம். பெட்டியை மேல் தட்டில் வைக்காதீர்கள். கண்டக்டர் என்ன சொன்னாலும் சரி, மடியில்தான்.