மதர்போர்டு சிப்செட் கொதிக்கிறதா? அளந்து பார்த்துக் குளிர்விக்கும் முறை

கம்ப்யூட்டர் சூடாகிறது என்றால் எல்லோருடைய கண்ணும் பிராசசர் மீதும் கிராஃபிக்ஸ் கார்டு மீதும்தான் போகும். போர்டின் கீழ்ப்பகுதியில், தட்டையான அலுமினியத் தகடு ஒன்றுக்கு அடியில் இருக்கும் சிப்செட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. யுஎஸ்பி, டிரைவ்களை இணைக்கும் சாட்டா, கூடுதல் எம்.2 இணைப்புகள் எனப் பாதிப் போக்குவரத்து இதன் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் இதற்குச் சூடேறினால் வரும் கோளாறும் வேறு மாதிரி இருக்கும்: மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்யும், டிரைவ் ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பி வரும்.

முன்பு சிப்செட் என்றால் நார்த்பிரிட்ஜ், சவுத்பிரிட்ஜ் என்று இரண்டு சில்லுகள் இருந்தன. மெமரியை நிர்வகிக்கும் மெமரி கண்ட்ரோலர் பிராசசருக்குள் போனதும் (ஏஎம்டியில் 2003, இன்டெலில் 2008) வேலை குறைந்து, பெரும்பாலும் ஒரே சில்லாகிவிட்டது. இன்டெல் இதை பிசிஎச் என்கிறது. சூடு குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 2019இல் பிசிஐஇ 4.0 (கார்டுகளையும் டிரைவ்களையும் இணைக்கும் வேகமான தடம்) வசதியுடன் ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட் வந்தது. அது சுமார் 11 வாட் எடுத்ததால் பல போர்டுகளில் குட்டி ஃபேன் திரும்ப முளைத்தது. அடுத்த ஆண்டு வந்த பி550க்கு அது தேவைப்படவில்லை.

படி 1: எண்ணைக் கண்டுபிடியுங்கள்

விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறக்கும்போதே சென்சார்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டு பகுதியில் ‘சிப்செட்’ அல்லது ‘பிசிஎச்’ என்ற வரியைத் தேடுங்கள். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, முதலில் கண்டறியும் கட்டளையை ஓட்டி, பிறகு ‘சென்சார்ஸ்’ என்று கேட்டால் பட்டியல் வரும். சில போர்டுகள் இந்த அளவை வெளியே காட்டுவதே இல்லை.

பட்டியலில் 127 டிகிரி என்று ஒரு வரி அசையாமல் நின்றால் பதற வேண்டாம். எதனுடனும் இணைக்கப்படாத சென்சார் முனை அப்படித்தான் உளறும். உண்மையான அளவு வேலைக்கு ஏற்ப மெல்ல ஏறி இறங்கும்.

படி 2: சும்மா ஒரு முறை, சுமையோடு ஒரு முறை

பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் அமைப்பு) திரையில் தெரியும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. 15 நிமிடம் சும்மா விட்டு ஓர் அளவு எடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் ஒரு கேம் ஓட்டுங்கள். கூடவே பெரிய ஃபைல் ஒன்றை ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுங்கள். மென்பொருளின் ‘அதிகபட்சம்’ கட்டத்தில் இருப்பதை அறை வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது: சுமையில் 75 டிகிரி செல்சியஸ் வரை கவலையே வேண்டாம். 80ஐத் தாண்டினால் காற்றைக் கவனிக்கலாம். 90ஐத் தொட்டால் கையில் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கலாம். தகட்டில் விரலை வைத்துப் பார்த்து முடிவு சொல்பவர்களை நம்பாதீர்கள். 60 டிகிரி உலோகத்திலேயே விரல் நிற்காது, ஆனால் சில்லுக்கு அது சாதாரணம்.

படி 3: முதலில் காற்று

கேஸின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் 8, 10 டிகிரி இறங்கினால் சிப்செட்டின் மேல் தப்பில்லை, உள்ளே காற்று ஓடவில்லை. பெரும்பாலும் குற்றவாளி அதன் தலைக்கு மேலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுதான். அது விடும் அனல் அத்தனையும் இதன் மேல்தான் கவிகிறது. முன்பக்கம் கீழே ஒரு ஃபேன் போடுவது, குறுக்கே கிடக்கும் வயர்களை ஒதுக்கிக் கட்டுவது, தூசியை ஊதுவது ஆகிய மூன்றிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறியாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

எஸ்எஸ்டி சிப்செட் வழியாக இணைக்கும் எம்.2 இடத்தில் இருந்தால், பிராசசரோடு நேராகப் பேசும் இடத்துக்கு மாற்றலாம். எந்த இடம் எது என்று போர்டின் கையேட்டில் இருக்கும்.

சிப்செட் மீதே ஃபேன் உள்ள போர்டு என்றால் அதன் சுழற்சி வேகத்தையும் பாருங்கள். 0 என்று காட்டினால் உடனே செத்துவிட்டது என்று பொருளல்ல. குறைந்த சூட்டில் நின்றுவிடும்படி பல போர்டுகளில் அமைப்பு உண்டு. 80லும் 0 என்றால்தான் மாற்ற வேண்டும்.

படி 4: பேஸ்ட் மாற்றுவது

பேஸ்ட் என்பது சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை. காற்றால் தீரவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்து, போர்டை வெளியே எடுங்கள். தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளோ பிளாஸ்டிக் முளைகளோ பின்பக்கம் இருக்கும். முளை என்றால் நுனியைக் குறட்டால் மெல்லக் கவ்வி முன்பக்கம் தள்ளுங்கள். தகடு ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், இடமும் வலமுமாக லேசாகத் திருகினால் விட்டுக்கொடுக்கும். அடியில் சிலிக்கான் மூடியில்லாமல் இருக்கும், ஓரம் சிதறினால் போர்டே போச்சு.

கழற்றியதும் துடைத்துவிடாமல் பழைய பேஸ்டின் தடத்தைப் பாருங்கள். என் பழைய போர்டில் இடது ஓரம் தடித்த மேடு, வலது ஓரம் ஏறக்குறைய வெறும் சிலிக்கான். ஒரு முளையின் ஸ்பிரிங் தளர்ந்து தகடு சாய்ந்தே உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்படியே புதுப் பேஸ்ட் பூசியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. முளையை மாற்றியதும் 91 இருந்தது 68க்கு வந்தது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் தீக்குச்சித் தலை அளவு பேஸ்ட் வைத்தால் போதும். பேஸ்டுக்குப் பதில் மெத்தென்ற பேட் இருந்தால் அதே தடிமனில் புதுப் பேட்தான் போட வேண்டும். 1 மிமீ இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

மாட்டி முடித்ததும் படி 2ஐ அப்படியே திரும்பச் செய்யுங்கள். முதல் சில நிமிடங்களிலேயே எண் 90ஐ நோக்கி ஓடினால் தகடு சரியாக உட்காரவில்லை. உடனே அணைத்துவிட்டு முளைகளைத் திரும்ப அழுத்துங்கள்.